அக்கா பதில்கள்: பாட்டி வேலைக்குப் போன கணக்கு எந்தப் பேப்பர்லயும் இல்ல

போன இதழ்ல, அந்தக் காலத்துல ஊரையும் அடுத்தவங்க வீட்டையும் கூட்டிப் பெருக்கி குடும்பத்தை காப்பாத்துன நம்ம பொம்பளைங்களை பத்தி நாலு வரிதான் எழுதினேன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் பார்த்து ரெண்டு நாள் எனக்கு தூக்கமே சரியா இல்ல. அதனால இந்த தடவை சமையல், ஜாதகம், மருமக பிரச்சனை எல்லாம் ஒதுக்கி வெச்சிட்டேன், பக்கம் முழுக்க இவங்களுக்குத்தான்.

கேள்வி (செந்தூல் வாசகர்): அக்கா, எங்க பாட்டி 1970கள்ல இருந்து பங்சார், டாமன்சாரா பக்கம் வீட்டு வேலைக்கு போனவங்க. போன வருஷம் தவறிட்டாங்க. என் மக பள்ளியில குடும்ப வரலாறு எழுதணும்னு கேட்டா. தேடிப் பார்த்தா பாட்டி வேலை செஞ்சதுக்கு ஒரு துண்டு சீட்டு கூட இல்ல, சம்பள சீட்டு இல்ல, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இல்ல. பெரியப்பா என்னடான்னா "அம்மா சும்மா வீட்லதானே இருந்தாங்க"ன்னு சொல்றாரு. பாட்டி எப்படி வாழ்ந்தாங்கன்னு பிள்ளைக்கு எதை வெச்சு சொல்றது?

பதில்: தம்பி, பாட்டி ஆத்மா சாந்தியடையட்டும். பேப்பர் இல்லாதது பாட்டியோட தப்பும் இல்ல, உங்க தப்பும் இல்ல. நம்ம மலேசியாவோட 1955 வேலைச் சட்டத்துல வீட்டு வேலைக்காரங்களை ஒரு தனி ஆளா பிரிச்சு வெச்சிருந்தாங்க. தோட்டத்துல, கம்பெனியில வேலை செஞ்ச பொம்பளைக்கு 60 நாள் பிரசவ லீவு, வாரத்துல ஒரு நாள் ஓய்வு, பொது விடுமுறை இதெல்லாம் சட்டத்துல இருந்துச்சு, வீட்டு வேலைக்கு போனவங்களுக்கு அது எதுவுமே பொருந்தாது. அவங்களுக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, நிறுத்துறதுன்னா 14 நாள் முன்கூட்டியே சொல்லணும். அதைக் கூட எந்த வீட்டம்மா சொன்னாங்க, "நாளையில இருந்து வர வேணாம்"தான். இபிஎஃப் 1951லயே வந்தாச்சு, ஆனா வீட்டு வேலைக்காரங்களுக்கு முதலாளி கட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. வேலையில அடிபட்டா உதவுற சொக்சோ காப்புறுதி 1971ல ஆரம்பிச்சது, அது வீட்டு வேலை செய்றவங்களை வந்து தொட்டது 2021 ஜூன்ல, அரை நூற்றாண்டு கழிச்சு. அப்போ உங்க பாட்டிக்கு எங்க இருந்து பேப்பர் வரும் சொல்லுங்க.

எங்கம்மா கதையை சொல்றேன், உங்க பாட்டி கதையும் பாதிக்கு மேல இதுவாத்தான் இருக்கும்.

பங்சார் இன்னிக்கு பணக்காரங்க ஊர், ஆனா அது ரப்பர் தோட்டமா இருந்த இடம், அந்த பேரே பங்கி, கிரிசார்ங்கற ரெண்டு வெள்ளைக்கார முதலாளிங்க பேரை ஒட்டி வந்ததுன்னு சொல்வாங்க. எங்கம்மா அங்க பால் மரம் வெட்டுனவங்க. தோட்டத்தை வித்து வீடு கட்ட ஆரம்பிச்சதும் மரமும் போச்சு வேலையும் போச்சு, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு கிளம்பி ஒரு புறம்போக்குல பலகை வீடு போட்டு உக்காந்தோம். அப்புறம் அம்மா வேலைக்குப் போனது எங்கன்னா, அதே மேட்டுல, தான் வெட்டுன மரத்தை சாய்ச்சிட்டு கட்டுன பங்களாவுக்கு. "இந்த ஹாலு இருக்குதே, இங்கதான் நான் பால் வெட்டுன மர வரிசை, என் நெரை இருந்துச்சு"ன்னு ஒரு தடவை என்கிட்ட காட்டினாங்க. நான் அப்போ சின்னப்புள்ள, கூட போயிருந்தேன். அவங்க சும்மா சொன்னாங்க, எனக்கு மட்டும் அது இன்னும் மறக்கல.

காலையில நாலரைக்கு எந்திரிச்சு, பொது பைப்புல தண்ணி புடிச்சு, சோறு வடிச்சு, அஞ்சே முக்காலுக்கு வீட்டை விட்டுடுவாங்க. காலையில ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. வீட்டுக்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்) மாசத்துக்கு, இது நான் சொல்ற 1972 கணக்கு. அப்போ வாஷிங் மெஷின் எல்லா வீட்லயும் கிடையாது, பெட்ஷீட்டுல இருந்து அத்தனையும் கையால துவைச்சு கஞ்சி போட்டு நீலம் போட்டு காய வெச்சு கரிப்பெட்டியில தேய்க்கணும். தரை சிவப்பு சிமெண்டு. அதுக்கு மெழுகு பூசி, முட்டி போட்டு துணியால தேய்ச்சு, அப்புறம் தேங்கா மட்டையை பாதியா வெட்டி கால்ல மிதிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டி ஆட்டி பளபளன்னு ஆக்கணும், பார்க்க டான்ஸ் ஆடுற மாதிரி இருக்கும், இடுப்பு விட்டுப் போயிடும். சனிக்கிழமை ராத்திரி அம்மா கால் நீட்டி உக்காந்தா முட்டி ரெண்டும் யானைத் தோல் மாதிரி கறுத்து தடிச்சு கிடக்கும், நான்தான் கோடாலித் தைலம் தேய்ச்சு விடுவேன். விரல் சந்துல சோப்பு தின்னு தின்னு வெடிச்ச இடத்துல தைலம் பட்டா மட்டும் உஸ்ஸுன்னு கையை இழுத்துக்குவாங்க.

உங்க பெரியப்பா மேல கோவப்படாதீங்க. நான் இடைநிலைப் பள்ளி முதல் வருஷம், ஃபாரம் ஒன்ல சேரும்போது நிரப்ப ஒரு தாள் கொடுத்தாங்க, அப்பா தொழில், அம்மா தொழில்னு இருக்கும். அம்மா தொழில்ங்கற இடத்துல "சூரி ரூமா"ன்னு, அதாவது வீட்ல இருக்கற இல்லத்தரசின்னு, நானே என் கையால எழுதினேன். எனக்கு பக்கத்துல உக்காந்திருந்தவ பார்த்துடுவாளேன்னு வெக்கம். வீட்டுக்கு வீடு பிள்ளைங்க இதைத்தான் எழுதியிருப்போம். சட்டமும் அவங்களை கணக்குல எடுக்கல, பெத்த பிள்ளைங்க நாங்களும் எடுக்கல. இதை நினைச்சா இப்போ கூட நெஞ்சு அடைக்குது.

பேப்பர் இல்லைன்னாலும் தடயம் இருக்கும், தேடுங்க. அடகுக்கடை சீட்டு இருக்கான்னு பாருங்க. தீபாவளிக்கு முன்னாடியும், ஜனவரியில பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடியும் தேதி போட்ட சீட்டா இருந்தா அதுதான் உங்க பாட்டியோட வரவு செலவு கணக்கு. கூட்டு, அதாவது சீட்டு, புடிச்ச நோட்டு எதாவது கிடைக்கலாம். 1971ல கூட்டு போடறதை சட்டம் போட்டு தடுத்தாச்சு, ஆனா பேங்க் பக்கமே போகத் தெரியாத பொம்பளைங்களுக்கு வேற என்ன வழி, பத்து பேர் சேர்ந்து ஆளுக்கு அஞ்சு வெள்ளின்னு போட்டு, கூரைக்கு தகரமும் மகளுக்கு தோடும் அதுலதான் வாங்கினாங்க. அதோட பாட்டி கூட சேர்ந்து நடந்து வேலைக்குப் போன அக்கம்பக்கத்து கிழவிங்க யாராவது உசுரோட இருப்பாங்க, அவங்களை தேடிப் போங்க. போனா "கஷ்டப்பட்டீங்களா பாட்டி"ன்னு கேட்காதீங்க, "ஆமாய்யா கஷ்டந்தான்"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, எந்த வழியா நடந்தீங்க, அந்த வீட்ல பசியாற எங்க உக்கார வெச்சாங்க, உங்களுக்குன்னு தனி கப்பு இருந்துச்சா, இப்படி கேளுங்க. மகளை கூட்டிட்டுப் போங்க, அவளே எழுதிக்கட்டும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகி, பினாங்கு): எங்க அம்மா ஜோர்ஜ்டவுன்ல முனிசிபல்ல ரோடு கூட்டுனாங்க. வீட்டு வேலைக்கு போனவங்களை விட நாங்க வசதின்னு மத்தவங்க சொல்வாங்க, எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல. உண்மையா அக்கா?

பதில்: உண்மையும் இருக்கு, இல்லாததும் இருக்கு தங்கச்சி. சர்க்கார் கூலிக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும், கோட்டர்ஸ் உண்டு, சீக்கு வந்தா ஆஸ்பத்திரி உண்டு. ஆனா அந்த வீடு வேலையோட கட்டுன வீடு. அப்பாவோ அம்மாவோ ரிட்டையர் ஆனாலும் செத்தாலும் வீட்டை காலி பண்ணணும், அந்த பயத்துலயே படிச்சுக்கிட்டிருந்த பிள்ளையை நிறுத்தி அதே வேலைக்கு எழுதிப் போட்டவங்க எத்தனையோ பேர். வசதின்னு பார்த்தவங்க கண்ணுக்கு இது தெரியாது.

கூலி கணக்கும் கேளுங்க. 1920கள் கடைசியில இங்க இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயம் பண்ண நாள் கூலி ஆம்பளைக்கு 50 காசு, பொம்பளைக்கு 40. ரப்பர் விலை விழுந்ததும் 1930ல அது 40, 32 ஆச்சு, அதுக்கப்புறம் இன்னும் கீழ. 1936 கடைசியில சீனிவாச சாஸ்திரின்னு ஒரு தலைவர், தொழிலாளிங்க நிலைமையைப் பார்க்க இந்திய அரசாங்கம் அனுப்பி வந்து பார்த்துட்டு பழைய 50க்கும் 40க்கும் திருப்பி கொண்டு வரணும்னு எழுதினாரு. நல்லதுதான் பண்ணாரு, ஆனா அந்த பத்து காசு ஏன் குறையணும்னு அவரும் கேட்கல. அதே வெயில், அதே வெளக்கமாறு, வீட்டுக்கு வந்தா அடுப்பும் அவதான்.

தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் கிளம்பினா உங்க ஊர்ல ரோடு முழுக்க தேங்கா உடைப்பாங்களே, மலை மாதிரி. ஊர் முழுக்க சாமி கும்பிட்டு வீடு திரும்பும்போது அதை அள்ளுனது யாரு? ஒரு அம்மா, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, பினாங்குக்கு நான் போயிருந்தப்போ சொன்னாங்க, "நானும் 48 நாள் விரதம்தாம்மா, மஞ்ச சேலை கட்டிக்கிட்டு சில்லு அள்ளுனேன், மண்டோர் (மேஸ்திரி) பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல"ன்னு. ஓடு காலை கிழிக்குமாம், தேங்காத்தண்ணி புளிச்சு அந்த வாடை மூணு நாளைக்கு மூக்கை விட்டுப் போகாதாம். உங்கம்மாவை கேட்டுப் பாருங்க, அவங்களும் இதையே சொல்வாங்க.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஆயான்னு கூப்பிடறது மரியாதைக்குறைவா?

பதில்: தோட்டத்துல ஆயான்னா புள்ளைங்களை பார்த்துக்கிட்டவங்க, ஆயாக் கொட்டகைன்னு அவங்க பேர்லதான் இடமே இருந்துச்சு. வாசல் கூட்டுனவங்க வாசக்கூட்டி. வீட்டு வேலை செஞ்ச சீனப் பொம்பளைங்களுக்கு "ஆமா"ன்னு பேரு, வெள்ளைச் சட்டை கறுப்பு பேண்ட் போட்டு, கல்யாணமே வேணாம்னு சத்தியம் பண்ணிட்டு குவாங்டோங்ல இருந்து வந்தவங்க நிறைய பேரு. நம்ம வீடுகள்ல பாட்டியையும் ஆயான்னுதான் கூப்பிடறோம், அதனால அந்த வார்த்தையில குறை எதுவும் இல்ல. பதினஞ்சு வருஷம் ஒருத்தங்க வீட்டை கூட்டியும் அவங்க பேர் என்னன்னு அந்த வீட்டுப் பிள்ளைக்கு தெரியாம இருக்கறதுதான் குறை.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): எங்க அப்பாவோட அம்மா பினாங்குல ஆபீஸ் கூட்டுற வேலை பார்த்துட்டு 1970ல பிள்ளைங்களை இங்கேயே விட்டுட்டு கப்பல் ஏறிட்டாங்களாம். அப்பா சாகற வரைக்கும் "என்னை விட்டுட்டுப் போனவ"ன்னுதான் சொன்னாரு. பெத்த தாய் அப்படி செய்வாங்களா?

பதில்: 1970ன்னு நீங்க எழுதுனதும் எனக்கு முதல்ல தோணுனது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களோட அடையாள அட்டை. 1968ல வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, அடுத்த வருஷத்துல இருந்து குடியுரிமை இல்லாதவங்க பெர்மிட் இல்லாம வேலை செய்ய முடியாதுன்னு ஆச்சு. ஏறக்குறைய 60,000 இந்தியருங்க அந்த சமயத்துல நாட்டை விட்டுப் போனாங்க. மெர்டேக்கா, அதாவது 1957ல சுதந்திரம், ஆன புதுசுல ஒரு வருஷத்துக்கு மலாய் பரீட்சை இல்லாமலே குடியுரிமைக்கு மனு போட சலுகை இருந்துச்சு. ஆனா நாள் கூலிக்கு போற பொம்பளை லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸா நின்னா அன்னிக்கு சோறு யார் போடுவா, எழுதப் படிக்கவும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்ல. "இவ்ளோ வருஷம் இங்கதானே இருக்கேன், என்னை யார் போகச் சொல்லப் போறாங்க"ன்னு இருந்துட்டாங்க. இங்க பொறந்த பிள்ளைங்களுக்கு நீல ஐசி, அம்மாவுக்கு சிவப்பு, ஒரே வீட்டுக்குள்ள.

உங்க பாட்டி எதுக்கு போனாங்கன்னு அடிச்சு சொல்ல நான் ஆள் இல்ல. ஆனா வேலையும் போய், பிள்ளைங்களுக்கு பாரமா இருக்கக் கூடாதுன்னு ரஜூலா கப்பல்ல ஏறுன அம்மாங்களை எனக்குத் தெரியும். உங்க அப்பா உயிரோட இருந்தப்போ இதை யாராவது அவருகிட்ட சொல்லியிருக்கணும்.

கேள்வி (செராஸ்): ஆஸ்பத்திரியில கிளீனரா இருந்த எங்க அத்தை கான்ட்ராக்டுக்கு மாத்துனதும் எல்லாம் போச்சுன்னு புலம்புவாங்க. என்ன போச்சு?

பதில்: 1997 வாக்குல அரசாங்க ஆஸ்பத்திரி துப்புரவு வேலை தனியார்கிட்ட போச்சு, கோலாலம்பூர் குப்பை அள்ளுறதும் அதே வருஷம். அதுக்கு முன்னாடி சர்க்கார் ஆளா இருந்தா பென்ஷன், வருஷக் கணக்குக்கு சம்பள உயர்வு. கான்ட்ராக்டுல ஒப்பந்தம் முடிஞ்சு புது ஆள் வந்தா சர்வீஸ் மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும், இருபது வருஷம் கூட்டுனவங்களும் புதுசா சேர்ந்தவங்களும் ஒரே சம்பளம். குறைஞ்சபட்ச சம்பளம்னு 900 வெள்ளி வந்ததே 2013லதான். அத்தை புலம்புறதுல நியாயம் இருக்கு.

கேள்வி (ஜிஞ்சாங் வாசகி, 63 வயசு): அக்கா, எங்கம்மா ரெண்டு வீட்ல வேலை செஞ்சாங்க. நான் மூத்தவ. ஆறாம் வகுப்பு முடிச்சதும் 1974ல என்னை நிறுத்திட்டாங்க, மூணு தம்பிங்களை நான்தான் வளர்த்தேன். அவங்க படிச்சு நல்லா இருக்காங்க. எனக்கு கல்யாணமும் லேட்டாத்தான் ஆச்சு. அம்மாவுக்கு இப்போ 86, என்கூடத்தான் இருக்காங்க, குளிப்பாட்டி விடறதும் நான்தான். ஆனா கோவம் போகல அக்கா. இப்போ தம்பிங்க அம்மா பேர்ல இருக்கற பிளாட்டை வித்துடலாம், பொம்பளைக்கு எதுக்கு பங்குன்னு பேசறாங்க. நான் கோவப்படறது பாவமா?

பதில்: பாவம் இல்லடா. முதல்ல அதை விடு. உன்னை நீ வா போன்னு பேசறேன், கோவிச்சுக்காத, உன் கடிதத்தை படிச்சதும் எனக்கு என் அக்கா ஞாபகம்தான். எங்க வீட்ல நான் ரெண்டாவது. நான் படிச்சு இன்னிக்கு இந்தப் பக்கத்துல உக்காந்து எழுதறேன்னா, அக்கா அஞ்சாம் வகுப்போட நின்னதாலதான்.

யோசிச்சுப் பாரு, தோட்டத்துல இருந்த வரைக்கும் ஆயாக் கொட்டகை இருந்துச்சு. சட்டம் சொன்னதால தோட்டக்காரன் கட்டி வெச்சான், துணி ஏணையில தூங்கப் போட்டுட்டு அம்மாங்க காலையில பேர் கூப்பிடற பிரட்டுக்கு போனாங்க. டவுனுக்கு வந்ததும் அது இல்ல. நர்சரிக்குன்னு இங்க தனியா ஒரு சட்டம் வந்ததே 1984ல, வந்தாலும் வீடு கூட்டுறவ கட்டுற காசா அது. அப்போ கைக்குழந்தையை யார்கிட்ட விடறது? மூத்த பொண்ணுகிட்ட. அந்த சமயத்துல தமிழ்ப்பள்ளி முடிச்ச பிள்ளை இடைநிலைப் பள்ளிக்கு போனா ரிமூவ்னு ஒரு வருஷம் கூட உக்காரணும், பஸ் காசு, யூனிஃபார்ம், புத்தகம்னு வேற செலவு. "பொட்டப்புள்ளதானே, போதும்"னு முடிவு பண்ணிட்டாங்க. அம்மா வெளிய போய் ரெண்டு வீட்டை கூட்டுனாங்க, மூணாவது வீட்டை நீ கூட்டுன. உன் அம்மாவுக்காவது மாசம் பொறந்தா கூலின்னு எதோ வந்துச்சு, உனக்கு அதுவும் இல்ல. கோவம் வராம வேற என்ன வரும்.

உன் கடிதம் வந்த அன்னிக்கே அக்காவுக்கு போன் பண்ணி கேட்டேன், இத்தனை வருஷத்துல முதல் தடவையா. உனக்கு அம்மா மேல கோவமான்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா, "படிப்பு போனது கூட இல்லடி. ஒரு நாள் சின்னவன் விழுந்து முட்டியில ரத்தம், அழுதுகிட்டே 'அம்மா'ன்னு ஓடி வந்து என் காலை கட்டிக்கிட்டான். அந்த நேரம் பார்த்து அம்மா வேலை முடிஞ்சு வர்றாங்க, கையில அந்த வீட்ல கொடுத்த மீந்த கறி, பிளாஸ்டிக் பையில. வாசல்லயே நின்னுட்டாங்க. அவன் அவங்களை திரும்பிக் கூட பார்க்கல. அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடல, நானும் சாப்பிடல." எங்கம்மா போய் 19 வருஷம் ஆச்சு. இது அந்த வீட்லயே இருந்த எனக்கு தெரியாது.

உன் அம்மா இன்னும் உன் பக்கத்துலயே இருக்காங்க. தலை வாரி விடும்போது ஒரு நாள் நேரா கேளு, "என்னை ஏம்மா நிறுத்துனீங்க"ன்னு. சண்டைக்கு இல்ல. அவங்க சொல்ற பதில் உனக்கு புடிக்காமலும் போகலாம், ஆனா அவங்க வாயால நீ கேட்டிருக்கணும்.

வீட்டு விஷயம். பொம்பளைக்கு பங்கு இல்லைன்னு தம்பிங்க சொல்றது சட்டத்துல கிடையாது. வீடு அம்மா பேர்ல இருக்கற வரைக்கும் அது அம்மாவோடது, அவங்க கையெழுத்து இல்லாம யாரும் விக்க முடியாது. அவங்க உயில் எழுதலாம், யாருக்கு எவ்வளவுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். உயில் இல்லாம போயிட்டா 1958 பகிர்வுச் சட்டப்படி நம்ம மாதிரி முஸ்லிம் அல்லாதவங்க வீட்ல மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு, வித்தியாசமே இல்ல. தம்பிங்க எதாவது பேப்பர் கொண்டு வந்தா "பிறகு பார்க்கலாம்"னு வாங்கி வெச்சுக்கோ, நீயும் போடாத, அம்மாவையும் கைநாட்டு வெக்க விடாத. கோலாலம்பூர்லயே சட்ட உதவி இலாகா இருக்கு, வக்கீல் மன்றத்தோட இலவச சட்ட உதவி மையமும் இருக்கு. அம்மாவுக்கு ஞாபகம் நல்லா இருக்கும்போதே கூட்டிட்டுப் போ. ரெண்டு பேர் ஐசி, பிளாட்டு கிராண்ட் (பட்டா) இல்லைன்னா வாங்குன ஒப்பந்தம், கடைசியா கட்டுன வரி ரசீது, இதை ஒரு ஃபைல்ல போட்டுக்கோ. காலையில சீக்கிரம் போனா கூட்டம் கம்மியா இருக்கும்.